கண்டு செல்வதா, கண்டு நிற்பதா?

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பயணத்திட்டம் தீட்டுவதில் ஒரு தனி இன்பம் உண்டு. கால் வலிப்பதில்லை, பணம் கரைவதில்லை, குளிரும் உறைப்பதில்லை. விரல் நுனியாலேயே ஏரிகளைக் கடந்து, நகரங்களைச் சுற்றி, மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். கடந்த சில வாரங்களாக அந்த இன்பத்தை நானும் நுகர்ந்தேன். அதன் நடுவே எழுந்து என்னை உறங்கவிடாமல் செய்த ஒரு கேள்வியை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அக்காவின் மகன் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரில் குடும்பத்தோடு வாழ்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. வரும் சனவரியில், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று நான் வந்து குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. ஆயர் அவர்களின் அனுமதியும் கிடைத்துவிட்டது. அக்காவும் அத்தானும் உடன் வருகிறார்கள். "பத்து நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன், மாமா. எங்கெங்கே போவது என்று நீங்களே பட்டியல் போடுங்கள், வண்டி ஓட்டுவது என் பொறுப்பு" என்று தொலைபேசியில் சொன்னான். கோடையில் போகலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். திருமுழுக்கு வேண்டும் குழந்தை பருவம் பார்த்துப் பிறப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தேன்.

பட்டியல் வளர்கிறது

மினசோட்டா கனடாவின் எல்லையை ஒட்டிய மாநிலம். பரப்பளவில் தமிழ்நாட்டைப்போல் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. 10 ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே அங்கே 11,842 உண்டு. சனவரியில் அவை உறைந்து தரையாகிவிடுகின்றன. மக்கள் அவற்றின்மேல் சிறு குடில்களை இழுத்து வந்து நிறுத்தி, பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிக்கிறார்கள். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, வடக்கே டவர் என்னும் சிற்றூரில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழ் 51 பாகை செல்சியசுக்கு இறங்கியது. மார்கழிப் பனிக்கே கம்பளித் துண்டு தேடும் நமக்கு இது கற்பனைக்கும் எட்டாத குளிர்.

முதலில் எழுதியது செயின்ட் பால் பேராலயம். 1841-இல் லூசியன் கால்ட்டியே என்னும் பிரெஞ்சு நாட்டுக் குரு மிசிசிப்பி ஆற்றங்கரையில் மரக்கட்டைகளால் ஒரு சிற்றாலயம் கட்டித் திருத்தூதர் பவுலின் பெயரைச் சூட்டினார். அந்த ஆலயத்தின் பெயரே நகரின் பெயராயிற்று. இன்று குன்றின்மேல் நிற்கும் பெரிய பேராலயத்தில் முதல் திருப்பலி நிறைவேறியது 1915-இல். அடுத்து, அதே நகரில் சனவரி இறுதியில் நடைபெறும் குளிர்காலத் திருவிழா. இந்த ஊர் மனிதர் வாழத் தகாத இன்னொரு சைபீரியா என்று நியூயார்க் செய்தியாளர் ஒருவர் எழுதிவிட, அதற்கு விடையாக நகரத்தார் 1886-இல் பனிக்கட்டியால் அரண்மனை கட்டி விழா எடுத்தார்களாம். இகழ்ச்சிக்கு விழாவால் விடை சொன்ன மக்களைக் காண யாருக்குத்தான் ஆசை வராது?

மினியாபொலிசில், கட்டடத்திற்குக் கட்டடம் இரண்டாம் மாடி உயரத்தில் கண்ணாடிப் பாலங்களால் இணைத்து, குளிர் படாமல் நகரின் நடுப்பகுதி முழுவதும் நடக்க வழி செய்திருக்கிறார்கள். அந்நகரின் அருவிக்கு 1680-இல் பிரான்சிஸ்கன் துறவியான லூயி எனப்பென் பதுவை அந்தோனியாரின் பெயரை வைத்தார். வடக்கே 250 கிலோமீட்டர் தொலைவில் டுலூத் துறைமுகமும், பரப்பளவில் உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரியான சுப்பீரியரும். அங்கிருந்து கரையோரமாகவே சென்றால் ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம். மேற்கே காலேஜ்வில் என்னும் நாட்டுப்புறத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபையாரின் மடம், 1856-இல் தொடங்கியது. அங்குள்ள சுவடி நூலகம் எத்தியோப்பியா முதல் கேரளம்வரை பழைய சுவடிகளைப் படமெடுத்துக் காத்துவருகிறது. நான்கு நாள்களில் பட்டியல் இரண்டு பக்கமாயிற்று. நாளுக்கு இரண்டு இடம், இடத்திற்கு இரண்டு மணி நேரம் என்று கட்டம் போட்டேன். கணக்கு அழகாக ஒத்துவந்தது.

மூடுபனியின் முன் நம் திட்டங்கள்

அந்த அழகைக் கண்டபோதுதான் முதல் உறுத்தல் எழுந்தது. நாளை எந்த நகரில் இருப்போம், என்ன செய்வோம் என்று உறுதிபடப் பேசுவோரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் கண்டிக்கிறார். மனித வாழ்வைச் சற்று நேரம் தோன்றி மறையும் மூடுபனிக்கு ஒப்பிடுகிறார். மறையுரைகளில் நான் பலமுறை எடுத்துரைத்த பகுதி அது. ஆனால் உண்மையான பனியைப் பற்றித் திட்டமிடும்போதுதான் அதன் கூர்மை உறைத்தது.

1888-ஆம் ஆண்டு சனவரி 12. அன்று காலை அந்தச் சமவெளிகளில் வழக்கத்திற்கு மாறாக வெப்பம் இதமாக இருந்தது. கனத்த மேலாடை இல்லாமலேயே பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றார்கள். பகலில் திடீரென்று மூண்ட பனிப்புயல் எதிரே நீட்டிய கையைக்கூட மறைத்தது. டக்கோட்டா, நெப்ராஸ்கா, மினசோட்டா பகுதிகளில் இறந்தோர் ஏறத்தாழ 235 பேர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பலர் வீடு திரும்பும் வழியில் திசை தவறிய பள்ளிப் பிள்ளைகள். இன்றும் அம்மாநிலத்தார் குளிர்காலத்தில் தொலைவுப் பயணம் போகும்போது வண்டியில் போர்வை, உணவு, மண்வாரி, மெழுகுதிரி, தீப்பெட்டி ஆகியவற்றை வைத்துக்கொள்கிறார்கள். உறைந்த ஏரியில் கால் வைப்போருக்கு மாநில அரசின் இயற்கைவளத் துறை தரும் அறிவுரை, எந்தப் பனிக்கட்டியும் முழுப் பாதுகாப்பானதன்று என்றே எச்சரிக்கிறது. நடப்பதற்கே குறைந்தது 4 அங்குலக் கனம் வேண்டுமாம்.

இதில் ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. என் திட்டத்தின் செலவை யார் ஏற்கிறார்கள்? பனி பெய்த இரவில் மூன்று மணிக்கு எழுந்து சாலையில் பனியை ஒதுக்கும் வண்டியை ஓட்டும் மனிதர், நான் கலங்கரை விளக்கம் காண்பதற்காகவும் எழுகிறார். எச்சரிக்கையை மீறிச் சென்று நான் பள்ளத்தில் சிக்கினால், என்னை மீட்க வருபவரின் உயிரையும் அல்லவா பணயம் வைக்கிறேன்? வழுக்கும் சாலையில் அக்கா மகன் வண்டி ஓட்ட, பின்னிருக்கையில் அமர்ந்து "இன்னும் ஓரிடம் பார்த்துவிடலாமே" என்று சொல்வது எளிது. பார்ப்பவனின் ஆசைக்கு மற்றவர் உழைப்பும் ஆபத்தும் விலையாகின்றன என்றால், அந்த ஆசைக்கு ஓர் எல்லை வேண்டும்.

திருத்தூதர் பவுலைவிட மிகுதியாகப் பயணம் திட்டமிட்டவர் யார்? பித்தினியாவுக்குச் செல்ல முயன்றார். தூய ஆவியார் விடவில்லை. கடலில் குளிர்காலம் நெருங்கிவிட்டது, புறப்பட வேண்டா என்று அவர் எச்சரித்தும் கேளாத கப்பல் மால்ட்டா தீவருகே உடைந்தது. குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்பதைத் தம் திருமுகங்களில் அவர் மறவாமல் குறிப்பிடுகிறார். சிறையிலிருந்து திமொத்தேயுவுக்கு எழுதும்போது, குளிர் தொடங்குமுன் வரச் சொல்கிறார். துரோவாவில் விட்டுவந்த போர்வையை எடுத்துவரச் சொல்கிறார். அவர் பெயர் தாங்கிய நகருக்கு நடுக்குளிரில் செல்கிறேன். திட்டம் தீட்டுவது தவறன்று. திட்டத்திற்குத் தலைவணங்குமாறு காலத்தையும் பிறரையும் கட்டாயப்படுத்துவதே தவறு. ஆகவே கட்டங்களை அழித்தேன். பத்து நாளில் மூன்று நாள்களை வெறுமையாக விட்டேன். பனி வந்தால் அவை பனிக்கு உரியவை. வராவிட்டால் குழந்தைக்கு உரியவை.

இத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரை எழுதவேண்டிய தேவையே இருந்திராது.

வரைபடத்தில் ஓர் ஊர்

செயின்ட் பாலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் மன்கேட்டோ என்ற ஊர் இருக்கிறது. ஆறு வளையும் இடத்தில், வயல்வெளிகள் சூழ்ந்த நகரம். நாட்டுப்புறத்தைக் காண ஏற்ற வழியென்று அதை விரலால் தொட்டேன். பின்னர் அதன் வரலாற்றைப் படித்தேன்.

மினசோட்டா என்ற பெயரே டக்கோட்டா மக்களின் மொழிச்சொல். வானத்தின் நிறம் படிந்த நீர் என்று அதற்குப் பொருள் சொல்வர். அந்தோனியார் அருவிக்கும் எனப்பென் வருமுன்பே அவர்கள் பெயர் வைத்திருந்தார்கள். 1851-இல் செய்துகொண்ட ஒப்பந்தங்களால் அவர்கள் தம் நிலத்தில் பெரும்பகுதியை இழந்து, ஆற்றோரம் ஒரு குறுகிய பகுதிக்குள் ஒடுங்கினார்கள். நிலத்திற்கு ஈடாக ஆண்டுதோறும் தரவேண்டிய பணம் 1862 கோடையில் வந்து சேரவில்லை. வணிகர்கள் கடனுக்கு உணவு தர மறுத்தார்கள். பசி முற்றிய ஆகஸ்டில் போர் மூண்டது. சில வாரங்களில் குடியேறிய மக்களில் நூற்றுக்கணக்கானோர், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். அந்தத் துயரத்தையும் மறைக்கக் கூடாது.

போர் அடங்கியபின் இராணுவ ஆணையம் ஒன்று விசாரணை நடத்தியது. குற்றம் சாட்டப்பட்டோருக்கு வழக்குரைஞர் இல்லை. சில வழக்குகள் ஐந்து நிமிடத்திற்குள் முடிந்தன. 303 பேருக்குச் சாவுத் தண்டனை. மினசோட்டாவின் எப்பிஸ்கோப்பல் ஆயர் என்றி விப்பிள் டக்கோட்டா மக்களுக்காகக் குடியரசுத் தலைவர் ஆபிரகாம் லிங்கனிடம் பரிந்து பேசினார். லிங்கன் ஆவணங்களை ஆராயச் செய்து 39 பேருக்கு மட்டும் தண்டனையை உறுதி செய்தார்; அவர்களில் ஒருவருக்குக் கடைசி நேரத்தில் நிறுத்தம் கிடைத்தது. எஞ்சிய 38 பேரும் 1862-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேற்றப்பட்ட மிகப் பெரிய தூக்குத் தண்டனை அதுவே. அதே குளிர்காலத்தில், 1,600-க்கு மேற்பட்ட டக்கோட்டாப் பெண்களும் முதியோரும் குழந்தைகளும் சினெல்லிங் கோட்டையின் கீழ் ஆற்றோரத்தில் வேலியிட்ட கூடாரங்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். வசந்தம் வருமுன் நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயில் மாண்டார்கள். அந்தக் கோட்டை, நாங்கள் சென்று இறங்கப்போகும் விமான நிலையத்தை அடுத்தே இருக்கிறது.

இவற்றினும் என்னை நடுக்கியது வேறொரு குறிப்பு. அன்று மன்கேட்டோவில் தூக்கு மேடையைச் சுற்றி ஏறத்தாழ 4,000 பேர் கூடியிருந்தார்கள். டிசம்பர்க் குளிரில், சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து பலர் முன்கூட்டியே திட்டமிட்டுப் புறப்பட்டு வந்திருந்தார்கள். எதற்காக? காண்பதற்காக. சிலர் தம் உறவினரைப் பறிகொடுத்தவர்கள். அவர்கள் துயரத்தை நான் எடை போட முடியாது. ஆனால் அந்த 4,000 பேரும் துயருற்றோர் அல்லர். அவர்களும் ஒரு குளிர்காலப் பயணத்தைத் திட்டமிட்டவர்கள்தாமே!

டிசம்பர் 26 நமக்கு முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவானின் திருநாள். அவர் கல்லெறியுண்டு மடிந்தபோது, எறிந்தவர்களின் மேலாடைகளைக் காத்துக்கொண்டு, அந்தக் கொலைக்கு உடன்பட்டுப் பார்த்து நின்ற இளைஞர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் சவுல். பின்னாளில் பவுலாகி, இந்த நகருக்குப் பெயர் தந்தவர் அவரே. அன்று சவுலின் கண்கள் எல்லாவற்றையும் கண்டன, எதையும் காணவில்லை. தமஸ்கு வழியில் மூன்று நாள் பார்வையிழந்த பிறகே அவருக்குப் பார்க்கத் தெரிந்தது.

கண்ணின் இச்சையும் கண்ணோட்டமும்

மன்கேட்டோவைப் பட்டியலில் சேர்க்க விரும்புகிறேன் என்று அக்கா மகனிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமலிருந்தான். "மாமா, அம்மாவும் அப்பாவும் முதன்முறையாக வருகிறார்கள். மகிழ்ச்சியாக நாலு இடம் பார்த்துவிட்டுப் போகட்டுமே. துக்க வீட்டைச் சுற்றிப் பார்ப்பது என்ன உல்லாசம்? நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்றான். நியாயமான கேள்வி. பிறர் துயரத்தைக் காட்சிப் பொருளாக்கினால், அந்த 4,000 பேரோடு நாமும் நாலு பேராகச் சேர்ந்துவிடமாட்டோமா?

குருமடத்தில் படித்தவை நினைவுக்கு வந்தன. புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிடும் நூலின் பத்தாம் பகுதியில், கண்களின் இச்சை என்னும் நோயை ஆராய்கிறார். சிதைந்த பிணத்தைக் கண்டால் மனிதர் நடுங்குகிறார்கள். ஆயினும் அதைக் காணவே ஓடுகிறார்கள். இதில் இன்பம் ஏது என்று வியக்கிறார். வெறுமனே அறிந்துகொள்ள வேண்டும் என்ற வெறி, அழகை மட்டுமன்று, அருவருப்பையும் நாடும் என்பது அவர் கண்ட உண்மை. புனித அக்குவினா தோமையார் இதை மேலும் பகுத்துரைக்கிறார். அறிய விரும்புவது இயல்பு; அது நன்மையே. அதை நெறிப்படுத்தும் பண்பு ஒன்று உண்டு. அதற்கு எதிரான தீய நாட்டம் ஒன்றும் உண்டு. ஒரே பொருளை இருவர் காணலாம். ஒருவர் காண்பது நற்பண்பும் மற்றவர் காண்பது தீயொழுக்கமும் ஆகலாம். எதைக் காண்கிறோம் என்பது மட்டுமன்று, எதன்பொருட்டுக் காண்கிறோம், கண்டபின் என்ன ஆகிறோம் என்பதே அளவுகோல்.

நம் தமிழ் இதை ஒரே சொல்லில் வைத்திருக்கிறது. கண்ணோட்டம் என்பதற்கு இன்று கருத்து, பார்வைக் கோணம் என்று பொருள் கொள்கிறோம். திருவள்ளுவர் அப்பெயரில் ஓர் அதிகாரமே வகுத்தபோது, அதற்குப் பொருள் இரக்கம். கண் ஓடிச் சென்று அடுத்தவர்மேல் பதிவதே இரக்கம் என்று கருதிய மொழி நம்முடையது. சுற்றுலா என்ற சொல்லும் சிந்திக்கத் தக்கது. பழைய உலா நூல்களில் வீதியில் பவனி வரும் தலைவனை ஊரார் காண்பார்கள். உலாப் போகிறவன் காணப்படுகிறவன். இன்றோ நாம் உலாச் சென்று ஊரைக் காண்பதாக எண்ணுகிறோம். உண்மையில் நாம் செல்லும் ஊர் நம்மையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதையும் பார்க்கிறது.

நல்ல சமாரியர் உவமையில் மூவரும் ஒரே காட்சியைக் கண்டனர் என்பதை மறவாதீர்கள். குரு கண்டார், விலகிச் சென்றார். லேவியரும் கண்டார், விலகிச் சென்றார். சமாரியர் கண்டார், இரங்கி நின்றார். காணாமற்போனது குருவின் குற்றமன்று. கண்டு சென்றதே அவர் குற்றம். இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. ஏனெனில் அந்தக் குரு நான்.

சில ஆண்டுகளுக்கு முன் பங்கு மக்களோடு பேருந்தில் வேளாங்கண்ணிக்குச் சென்றிருந்தேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் நூற்றுக்கணக்கான திருப்பயணிகள் அங்கே மாண்டதை நாம் அறிவோம். புறப்படும் நேரத்தில், இறந்தோரின் நினைவிடத்தையும் காட்டிவிடலாம் என்று எல்லாரையும் அழைத்துச் சென்றேன். "பத்து நிமிடந்தான்" என்றேன். சிலர் படம் எடுத்துக்கொண்டார்கள். ஓரமாக ஒரு மூதாட்டி தனியே அமர்ந்து, வாய்விட்டு அழாமல், தரையைத் தடவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அதை அவரும் பார்த்தார். பேசாமல் தலைகுனிந்துகொண்டார். நான் வணக்கம் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். அவர் யார், யாரை இழந்தவர், என்ன சொல்ல வந்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. என் திட்டத்தில் அவருக்கு இடமில்லை.

அதே டிசம்பர் 26. கடல் கடந்த மன்கேட்டோவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்ற அக்கா மகனின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். தேதி ஒன்றாயிருப்பது தற்செயல். துயர் நிகழ்ந்த மண்ணில் அயலார் வந்து எப்படி நிற்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமோ, அப்படியே நாமும் பிறர் மண்ணில் நிற்கக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது தற்செயலன்று, அது பொன்விதி.

சிறைக்குள் சென்றவரும் குதிரையில் வந்தவர்களும்

மன்கேட்டோ வரலாற்றில், கண்டு சென்றவர்களுக்கு எதிர்ப்புறத்தில் நிற்பவர்களும் உண்டு. ஒகஸ்தென் ரவூ என்னும் பிரெஞ்சுக் குரு 1841 முதல் டக்கோட்டா மக்களிடையே பணியாற்றியவர். அவர்கள் மொழியைக் கற்று, அதில் ஒரு சமய நூலும் ஆக்கியவர். தண்டனைக்கு முந்திய நாள்களில் அவர் சிறைக்குள் சென்று அவர்களோடு தங்கினார். பலர் அவர் கையால் திருமுழுக்குப் பெற்றார்கள். தண்டனையை நிறுத்த அவரால் இயலவில்லை. அநீதியைத் தடுக்க இயலாத இடத்தில் உடனிருப்பது போதுமா என்று கேட்கலாம். போதாது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் வெளியே 4,000 கண்கள் காத்திருந்த ஊரில், உள்ளே அமர்ந்து அவர்கள் மொழியில் அவர்களோடு பேசிய ஒருவர் இருந்தார் என்பது சிறிய செய்தியன்று.

இன்னொன்று அண்மைக் காலத்தது. 2005 முதல் 2022 வரை ஒவ்வொரு டிசம்பரிலும் டக்கோட்டா மக்கள் சிலர், தெற்கு டக்கோட்டாவின் லோயர் புரூலிலிருந்து குதிரைகளில் புறப்பட்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டரைப் பனியிலும் கடுங்காற்றிலும் கடந்து, டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவை அடைந்தார்கள். தூக்கிலிடப்பட்டோரை நினைவுகூரவும், பகை ஆறவும் மேற்கொண்ட பயணம் அது. வழியிலுள்ள ஊரார், குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் உட்பட, அவர்களுக்கு உணவும் தங்க இடமும் அளித்தார்கள். இதுவும் நடுமேற்கு நாட்டில் ஒரு குளிர்காலப் பயணந்தான்! தூக்கு மேடை நின்ற இடத்தருகே இன்று ஒப்புரவுப் பூங்கா இருக்கிறது. அங்கே 38 பேரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

இதனால் பனிக்கட்டி அரண்மனையைக் காண்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. அழகைக் கண்டு மகிழ்வது படைத்தவருக்கு நாம் செய்யும் நன்றி. ஆனால் அழகிலும் துயரம் கலந்தே இருக்கிறது. ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கம் 1910-இல் எழுந்ததே, 1905 நவம்பர்ப் புயலில் கப்பல்கள் பல நொறுங்கியதால்தான். விளக்கின் ஒளியைப் படமெடுப்பவர், அது யாருக்காக ஏற்றப்பட்டது என்று ஒரு கணம் எண்ணினால், அழகு குறைவதில்லை, ஆழப்படுகிறது. புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்குநூலில் மடம் மடமாகச் சுற்றித் திரியும் துறவிகளைக் கடிந்துகொள்கிறார். அதே நூலில், வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கப் பணிக்கிறார். முரண்போலத் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றே. எங்கும் நிலைகொள்ளாமல் நுகர்ந்து திரிபவனாக வராதே; ஏற்றுக்கொள்ளத்தக்க விருந்தினனாக வா என்பதே அதன் கருத்து.

ஆகவே என் திட்டத்தின் இறுதி வடிவம் இது. இரண்டு நகரங்களுக்கு இரண்டு நாள். டுலூத்துக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் மூன்று நாள். காலேஜ்வில் மடத்தில் ஒரு நாள். மன்கேட்டோவில் ஒரு நாள். அன்று வேறெந்த இடமும் இல்லை. செல்லுமுன் நால்வரும் அந்த வரலாற்றைப் படித்திருக்க வேண்டும். போரில் மாண்ட குடியேறிகளின் கதையையும் படிக்க வேண்டும். அங்கே நாங்கள் நின்று படமெடுப்பதில்லை. எஞ்சிய மூன்று நாள் வெறுமை. சாலை மூடியிருந்தால் வீட்டிலிருப்போம். எந்த இடம் விடுபட்டாலும் வருந்துவதில்லை. மன்கேட்டோ விடுபட்டால் மட்டும், வெறுமையான நாள்களில் ஒன்றை அதற்குத் தருவோம்.

அக்கா மகன் இதைக் கேட்டு முழுமனத்தோடு உடன்பட்டான் என்று சொல்லமாட்டேன். "சரி மாமா, பார்க்கலாம்" என்றான். அந்தச் சொல்லே போதும் என்று விட்டுவிட்டேன். அக்கா மட்டும் வேறொன்று கேட்டார்கள். வண்டியில் மெழுகுதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்றேனே, எத்தனை என்று. பனியில் சிக்கிக்கொண்டால் பயன்படும். ஒன்றிரண்டு போதும் என்றேன்.

"அப்படியானால் மூன்றாக எடுத்து வைக்கிறேன், தம்பி. அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் ஒன்று இருக்கட்டும்" என்றார்கள்.

அதை அங்கே ஏற்றலாமா, அது அம்மக்களின் வழக்கத்திற்கு ஒத்ததா என்று எனக்குத் தெரியாது. அங்குச் சென்று, இடமறிந்தவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்வதைச் செய்வோம். இம்முறை கைக்கடிகாரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுச் செல்வதாக இருக்கிறேன்.